ஏரிக்கரையில் ஒரு பகல்

குடும்பத்தோடு ஒரு நாள் வெளியூர் சென்றுவர வேண்டும் என்று எத்தனை முறை எண்ணியிருப்பீர்கள். எத்தனை முறை அதை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போட்டிருப்பீர்கள்!

எங்கள் அத்தாவும் அப்படித்தான். "உன்னை ஒரு நாள் கொடைக்கானலுக்கு அழைத்துப் போகிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து சில மணி நேரப் பயணந்தான். ஆனால் கடையும் கடனும் அவர்களை விடவில்லை. சொன்ன சொல் நிற்க, அவர்கள் மறைந்துவிட்டார்கள்.

சென்ற ஆண்டு அம்மாவை நான் அழைத்துச் சென்றேன். 2024 மே முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதால் முன்கூட்டியே பதிந்துகொண்டோம். வத்தலக்குண்டைக் கடந்து மலையேறினோம். வழியில் வெள்ளி அருவி. ஏரியில் நிரம்பி வழியும் நீரே அங்கு அருவியாய் விழுகிறது.

அந்த ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. மதுரை கலெக்டராயிருந்த லெவிஞ்ச் என்பவர், 1863-இல் ஓடைகளை மறித்து உருவாக்கியது. நட்சத்திர வடிவில், ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பு. சுற்றிவரும் சாலை சுமார் 5 கிலோமீட்டர்.

என் சட்டைப்பையில் ஒரு பட்டியல் இருந்தது: தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா. அம்மாவுக்கோ முழங்கால் வலி. "நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று கரையோர இருக்கையில் அமர்ந்துவிட்டார்கள். பிள்ளைகளோடு படகேறினேன். நடு ஏரியிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, வெள்ளைத் துப்பட்டியில் தன்னந்தனியே ஒரு சிறு உருவம். யாருக்காக வந்தோமோ அவர்களையே கரையில் விட்டுவிட்டேனே! நெஞ்சு சுருக்கென்றது.

கரையேறியதும் பட்டியலைக் கிழித்தெறிந்தேன். அம்மாவின் அருகில் அமர்ந்து, அவர்கள் கட்டிவந்த புளிச்சோற்றைப் பகிர்ந்து உண்டோம். மூடுபனி நீரின்மீது இறங்கி வந்தது. அம்மா மெல்லக் கேட்டார்கள்: "உங்க அத்தா சொன்ன ஏரி இதுதானா?"

"ஆமாம்மா" என்றேன். அதற்குமேல் பேச்சு எழவில்லை. மாலைவரை அங்கேயே இருந்தோம். தூண் பாறையை நாங்கள் பார்க்கவில்லை. அதில் எங்களுக்குக் குறையுமில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் யாருக்கேனும் இப்படியொரு வாக்குறுதி நிலுவையில் இருக்கலாம். அடுத்த விடுமுறைவரை காத்திராதீர்கள். போகும்போது பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.