கிழிந்த தாள்களும் கடைசி ஞாயிறும்

மே 4, 2025, ஞாயிறு, பிலடெல்ஃபியா

இன்னும் இரண்டு வாரத்தில் எங்கள் ஜெப ஆலய ஞாயிறு பள்ளிக்கு இந்த வருடம் முடிகிறது. நான் நடத்தும் மூன்றாம் வகுப்பில் இன்று பாடம் இல்லை; செதாக்கா உண்டியலைத் திறந்தோம். செப்டம்பர் முதல் பிள்ளைகள் வாராவாரம் தர்மத்துக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட சில்லறை. தரையில் கொட்டி, காசு காசாகப் பிரித்து அடுக்கினார்கள். எண்ணி முடித்த கையோடு சண்டை தொடங்கியது: யாருக்குக் கொடுப்பது? ஒரு கட்சி உணவு வங்கிக்கு என்றது, இன்னொரு கட்சி நாய்க் காப்பகத்துக்கு.

யூத அறிஞர் மைமோனிடஸ் 12ஆம் நூற்றாண்டில் தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்ததைச் சொன்னேன். கடன் கொடுத்தோ வேலை கொடுத்தோ ஒருவரைச் சொந்தக் காலில் நிற்க வைப்பது எல்லாவற்றிலும் மேல். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இருவருக்குமே தெரியாமல் கொடுப்பது அதற்கு அடுத்த படி. நாய்க் கட்சியின் தலைவி உடனே கையைத் தூக்கினாள். "டீச்சர், யார் கொடுத்தார்கள் என்று நாய்க்குத் தெரியாது. எந்த நாய்க்குப் போகும் என்று எங்களுக்கும் தெரியாது. அப்போது இது இரண்டாவது படிதானே?" எட்டு வயதுக் குழந்தையின் வாயில், யூதச் சட்ட விவாத நூலான தால்முத்தில் வருவதுபோன்ற வாதம்! பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரிப்பதென்று முடிவானது.

மே 14, புதன்

அலமாரியை ஒழித்தேன். வருடக் கடைசியில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். கடவுளின் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடுவது எங்கள் வழக்கமல்ல. அது கெனிசா பெட்டிக்குப் போகும். பெட்டி நிறைந்ததும் யூத இடுகாட்டில் மண்ணில் வைப்பார்கள். அதனால் ஒவ்வொரு ஜெராக்ஸ் தாளையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பழரசக் கறை, ஓரத்தில் டைனோசர், எழுத்துக்கு மேலே பென்சில் அம்புக்குறி. ஒரு பையனின் தாளில் தாலெத் என்ற எபிரேய எழுத்து வரும் இடமெல்லாம் அதன் மூலை சிவப்பு மையால் அழுத்தி வரைந்திருந்தது. தாலெத்துக்குக் கூர்மையான மூலை, ரேஷ் எழுத்துக்கு வளைவு. மற்றபடி இரண்டும் ஒரே அச்சு. வருடம் முழுக்க அவனைப் பாடாய்ப் படுத்திய எழுத்துகள்.

பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தின் கெனிசா அறையிலிருந்து 1896-97 குளிர்காலத்தில் அறிஞர் சாலமன் ஷெக்டர் வாரிக்கொண்டுபோன துண்டுத்தாள்கள் கேம்பிரிட்ஜில் இருக்கின்றன. ஏறக்குறைய 1,93,000. மைமோனிடஸின் சொந்தக் கையெழுத்தும் அவற்றில் உண்டு. குழந்தைகள் எழுத்துக் கற்ற ஏடுகளும் உண்டு. பெரிதாக வரைந்த எழுத்துகளுக்குள் வண்ணம் தீட்டிய பக்கங்கள். மேதையின் தாளும் எழுத்துக்கூட்டிய பிள்ளையின் தாளும் ஒரே அறையில் கிடந்திருக்கின்றன.

மே 15, வியாழன்

கல்விக்குழுக் கூட்டம். எபிரேயம் நன்றாக வாசிக்கும் மூன்று பேருக்கு வருடக் கடைசி விழாவில் பதக்கம் தரலாம் என்று ஒரு யோசனை வந்தது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. பஸ்கா பண்டிகைக்கு முதல் நாள் தலைப்பிள்ளைகள் நோன்பிருப்பது மரபு. அன்று காலை யாராவது தால்முத்தின் ஒரு பகுதியைப் படித்து முடித்தால் விருந்து. அந்த விருந்தில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள் எல்லாருக்குமே நோன்பு இல்லை. படித்து முடித்தவர் ஒருவர்தான், சாப்பிடுகிறவர்கள் அத்தனை பேரும். இப்படியொரு ஏற்பாட்டை வைத்திருக்கும் நாம், பிள்ளைகளில் மூன்று பேரை மட்டும் எதற்காக மேடையேற்ற வேண்டும்? கொஞ்சம் உரக்கவே பேசிவிட்டேன். கடைசியில் பதக்கம் வேண்டாம், பெயர் எழுதி ஆளுக்கொரு ஜெபப் புத்தகம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

மே 18, ஞாயிறு

விழா. தோரா சுருளைப் பேழையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தார் ரபி. உபாகமம் ஆறாம் அதிகாரம், ஷெமா என்னும் ஜெப வசனம். சுருளின் தோலை விரலால் தொடக்கூடாது என்பதால் வெள்ளிக் கைச்சுட்டியால் காட்டினேன். அந்த வசனத்தில் முதல் சொல்லின் கடைசி எழுத்தையும் கடைசிச் சொல்லின் கடைசி எழுத்தையும் மட்டும் பெரிதாக எழுதுவார்கள். கடைசிச் சொல்லில் வருவது தாலெத். அதை யாரும் ரேஷ் என்று வாசித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். சிவப்பு மைக்காரன் மேசைமேல் குனிந்து பார்த்தான். "அப்படியென்றால் பெரியவர்களுக்கும் குழம்புமா?" என்று கேட்டான். குழம்பும் என்றேன். தன் முறை வந்தபோது இரண்டு இடத்தில் நின்று, தானே திருத்திக்கொண்டு, வரியை முடித்தான். வகுப்பில் ஒருவரும் முந்திக்கொண்டு எடுத்துக்கொடுக்கவில்லை. அவர்களை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை.

பிறகு பேகல், தர்பூசணி, ஐஸ்கிரீம், கிதார், கூச்சல்.

இந்த ஊரில்தான் ரெபெக்கா கிராட்ஸ் 1838 மார்ச் 4 அன்று, தன் பிறந்தநாளில், எபிரேய ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். ஆண்கள் கையிலிருந்த மதக்கல்வியைப் பெண்கள் பொறுப்பெடுத்து நடத்திய பள்ளி. எண்பது வயதைத் தாண்டியும், 1864 வரை, அவரே தலைமை வகித்தார். அவர் போட்ட பாதையில் நடக்கிறவள் நான் என்று இன்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

ஜூன் 1, ஞாயிறு இரவு

ஷவுவோத் பண்டிகை தொடங்கிவிட்டது. சீனாய் மலையில் தோரா அருளப்பட்ட நாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கன்ஃபர்மேஷன், அதாவது சமய உறுதியேற்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தொடங்கி அமெரிக்காவுக்கு வந்த சடங்கு. இடைக்கால ரைன் கரையில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதும் இதே பண்டிகையில்தான். பலகையிலுள்ள எழுத்துகள்மேல் தேன் தடவி நக்கக் கொடுப்பார்களாம்.

சீஸ்கேக் தீர்ந்த பிறகும் பண்டிகையின் இரவுப் படிப்புக்கு நிறையப் பேர் இருந்தார்கள். நாய்க் கட்சித் தலைவியும் பெற்றோரை விடாப்பிடியாக உட்கார வைத்திருந்தாள். கெனிசா பெட்டி நிறைந்துவிட்டது, அடக்கம் செய்யும்போது பிள்ளைகளையும் அழைத்துப்போகலாமா என்று ரபியிடம் கேட்டேன். அக்டோபரில் ஒரு ஞாயிறு வைத்துக்கொள்ளலாம் என்றார். பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டும், பேருந்து பேச வேண்டும், சின்னக் கைகள் பிடிக்கிற அளவில் மண்வெட்டி தேட வேண்டும்.