வரப்பளவு அரிசி

உணவைப் பற்றி இலக்கியப் பக்கமொன்றில் எழுதத் தகுமோ என்று தயங்குவோர், தொல்காப்பியர் தரும் கருப்பொருள் வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். தெய்வத்தை அடுத்து அங்கே நிற்பது உணவே. மருதத்துக்கு நெல், முல்லைக்கு வரகும் சாமையும், நெய்தலுக்கு மீன் என்று ஆண்டுதோறும் வகுப்பறையில் சொல்லி வருகிறேன். மாணவர் எழுதிக்கொள்வர், தேர்வில் மதிப்பெண்ணும் பெறுவர். ஆனால், நிலமும் பொழுதும் அடுப்பை ஆளும் ஒரு வாழ்வை நான் அருகிருந்து கண்டது வெகு தொலைவில், ஸ்பெயினின் கிழக்குக் கரையில்.

2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் என் தங்கை வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். வலென்சியா நகரை வடக்கே ஒட்டியிருக்கும் அல்போராயா என்னும் ஊர். ஊருக்கும் கடலுக்கும் இடையே 'உவெர்த்தா' எனப்படும் பாசன வயல்கள். நம் கோரைக்கு நெருங்கிய உறவான ஒரு கிழங்கை அங்கே பயிரிடுகிறார்கள். அதை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரை கலந்து குளிரக் குளிர அருந்துகிறார்கள். எதிர்வீட்டில் எழுபது கடந்த ஓர் அம்மையார் இருந்தார். அவ்வூர்ச் சமையலைக் கற்க விரும்புகிறேன் என்று தங்கை மூலம் சொல்லியனுப்பினேன். "காலையில் என்னோடு சந்தைக்கு வரட்டும்" என்று மறுமொழி வந்தது. முதல் வாரம் முழுதும் சந்தைதான். அடுப்பு மூட்டவேயில்லை.

தக்காளியை ஆலிவ் எண்ணெயும் உப்பும் இட்டு உண்ணும் எளிய உணவிலிருந்து தொடங்கலாம் என்றேன். "அதற்கு இன்னும் நாள் இருக்கிறது" என்றார். கடையில் தக்காளி குவிந்துதான் கிடந்தது. ஆனால் அவருடைய நாட்காட்டியில் அது மே மாதத்துப் பொருள் அன்று. மாறாக, பருவம் முடியவிருந்த பெரிய அவரையின் இளம்பருப்பை உரித்து, தாளோடு கூடிய பச்சைப்பூண்டுடன் வதக்கி, முட்டை ஊற்றித் தடித்த அடையாகப் புரட்டக் கற்பித்தார். உப்பைத் தவிர வேறு சுவைப்பொருள் இல்லை. மசாலைக்குப் பழகிய என் நாவுக்கு முதல் நாள் அது சப்பென்றிருந்தது. மூன்றாம் முறை உண்டபோது அவரையின் மெல்லிய கசப்பும் பூண்டின் இனிப்பும் தனித்தனியே தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை பாயெயா. இப்பெயர் உண்மையில் அகன்ற அந்த இரும்பு வாணலியைக் குறிப்பது. லத்தீனில் தட்டத்தைச் சுட்டும் சொல்லிலிருந்து வந்தது. சுற்றுலா விடுதிகள் இறாலும் சிப்பியும் அடுக்கித் தருவதை அம்மையார் வேறு உணவாகவே கருதினார். அவர் இட்டவை கோழி, முயல், பட்டையான பச்சை பீன்ஸ், 'கர்ரோஃபோ' என்னும் வெண்ணிறப் பெரிய மொச்சை, துருவிய தக்காளி, மிளகாய்ப்பழத் தூள், குங்குமப்பூ. வெங்காயம் இல்லை. கறியை அரைமணி நேரத்துக்கும் மேலாகப் பொறுமையாகச் சிவக்க வறுத்தார். வாணலியின் கைப்பிடியை இணைக்கும் ஆணிவரை நீர். அது கொதித்துச் சாறிறங்கிய பிறகு அரிசி.

அரிசிக்குக் கிண்ணக் கணக்கு இல்லை. வாணலியின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை நேர்கோடாகக் கொட்டி, அந்த மேடு நீருக்கு மேல் சற்றே தலைகாட்டும் வரை இட்டார். அந்த அளவுக்குப் பெயர் 'கபயோன்'. வயலில் இரு சால்களுக்கு நடுவே எழும் மண்மேட்டுக்கும் அதே பெயர்தான் என்று தங்கை விளக்கியபோது வியந்தேன். வயலின் மொழியே அடுப்படியில் அளவையாக நின்றது. அரிசியைப் பரப்பியபின் கிளறக்கூடாது. இருபது நிமிடங்களுக்குள் நீர் சுவறி, அடியில் மெல்லிய காந்தல் பிடிக்கிறது. அந்தக் காந்தலுக்கு அங்கே போட்டி.

மொழியாசிரியருக்கு அச்சமையலறையில் வேறொன்றும் புலப்படும். அரிசி 'அர்ரோஸ்', எண்ணெய் 'அஸேய்த்தே', குங்குமப்பூ 'அஸாஃப்ரான்', வாய்க்கால் 'அஸேக்கியா': நான்கும் அரபு வழி வந்தவை. அரிசி குறித்த மேலைநாட்டுச் சொற்களைக் கால்டுவெல் நம் 'அரிசி'யோடு இணைத்தார். அறிஞரிடையே அது இன்னும் விவாதமே. இஸ்லாமியர் ஆண்ட வலென்சியா 1238இல் கிறித்தவ அரசின் கைக்கு வந்தது. அவர்களின் வழித்தோன்றல்கள் மதம் மாறிய பிறகும் 1609இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். நெல் வளர்த்தோரை அனுப்பிவிட்டு நெல்லின் பெயரை வைத்துக்கொண்டார்கள். தக்காளியும் மிளகாயும் அந்த மொச்சையும் அமெரிக்காவிலிருந்து கடல்கடந்து வந்தவை. எனவே 'பாரம்பரியம்' என்பது தொன்றுதொட்டு அங்கேயே இருந்தது என்று பொருள்படாது. வந்த பொருளை அந்த மண்ணும் பருவமும் தமதாக்கிக்கொண்டதையே அச்சொல் குறிக்கிறது.

ஆகவே மண் போனால் சமையலும் போகும். வலென்சியாவில் ஒவ்வொரு வியாழனும் நண்பகலில், பேராலய வாயிலில், உழவர் தேர்ந்தெடுத்த உழவரே நடுவராக அமர்ந்து பாசன வழக்குகளை வாய்மொழியாகத் தீர்க்கின்றனர். யுனெஸ்கோ 2009இல் அதனை மனிதகுல மரபுச் செல்வமாக ஏற்றது. நடுவர் மன்றம் நிலைக்க, அதற்குட்பட்ட வயல்கள் சுருங்கி வருகின்றன. 1957 வெள்ளத்துக்குப் பின் துரியா ஆற்றையே நகரின் தெற்கே திருப்பிவிட்டனர். புதிய ஆற்றுவழி விளைநிலங்களை ஊடறுத்துச் சென்றது. சாலைகளும் கிடங்குகளும் குடியிருப்புகளும் பின்தொடர்ந்தன. "என் கைப்பக்குவத்தைப் பேத்தி எழுதிக்கொண்டாள். மொச்சைக்கு எங்கே போவாள்?" என்று அம்மையார் ஒருநாள் கேட்டார்.

2024 அக்டோபர் 29 அன்று பெருமழை கொட்டியது. நகருக்குத் தெற்கே ஓடைகள் பெருகி ஊர்களுக்குள் பாய்ந்தன. வலென்சியா மாகாணத்தில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அல்போராயா தப்பியது. தெற்கே இருந்த அம்மையாரின் தமக்கை வீட்டார் உயிர் பிழைத்தனர். ஆனால் அவர்களின் தோட்டத்தைச் சேறு மூடிவிட்டது. விதைக்கு வைத்திருந்த மொச்சையும் போயிற்று. எங்கள் பாயெயாவில் விழுந்தது அந்தத் தோட்டத்து மொச்சைதான். ஆண்டுதோறும் காய்ந்ததில் ஒரு பங்கு தங்கையின் அடுக்களைக்கு வந்துவிடும்.

அம்மையார் அந்தக் குளிர்காலம் முழுதும் பாயெயா சமைக்கவில்லை என்று என் தங்கை தொலைபேசியில் சொன்னாள். துக்கம் போலும் என்று நினைத்தேன். காரணம் அதுவன்று. அவ்வாண்டு வந்த மொச்சையில் ஒரு குடுவை மீதமிருந்தது. அதை அவர் மூடி முத்திரையிட்டாற்போல் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டார். சேறு அகற்றி நிலம் மீண்டும் உழப்பட்ட வசந்தத்தில், பழுதில்லாதவற்றைத் தாமே பொறுக்கியெடுத்து, பேத்தியின் கையில் கொடுத்துத் தெற்கே அனுப்பினாராம்.