ரேடியோவின் ஜாதகம்

மனிதர்களுக்கு ஜாதகம் இருப்பதுபோல ரேடியோப் பெட்டிகளுக்கும் ஜாதகம் உண்டு. அதற்குச் சர்க்யூட் படம் என்று பெயர். மனிதர்களுடைய ஜாதகம் பலிக்குமா, பலிக்காதா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ரேடியோவின் ஜாதகம் எழுத்துக்கு எழுத்துப் பலிக்கும் என்பதற்கு மட்டும் நான் சாட்சி.

எங்கள் வீட்டில் என் பாட்டனார் 1958-ல் வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று இருக்கிறது. டிரான்ஸிஸ்டர் பெட்டிகள் வந்த பிறகு அது மௌன விரதம் பூண்டு பரண்மேல் தவம் செய்துகொண்டிருந்தது. சென்ற வருஷம் அதை இறக்கினேன். "பழைய ஸாமான்காரனுக்குப் போட்டுவிடலாமே!" என்பது வீட்டாருடைய அபிப்பிராயம். எங்கள் ஊரில் எண்பது வயதைத் தாண்டிய ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் யோசனை கேட்டேன்.

"முதலில் படத்தைத் தேடுங்கள், ஸார்! பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருப்பான். படம் இல்லாமல் கை வைக்காதீர்கள்" என்றார் பெரியவர்.

படம் இருந்தது. ஆனால் அதில் பாதியை ராமபாணப் பூச்சி எனக்கு முன்பே வாசித்து முடித்திருந்தது!

மிச்சத்தைக் கண்டுபிடிக்க வால்வுகளின் பெயர்களே உதவின. ஒரு பதத்தைப் பகுதி, விகுதி என்று பிரிக்கிறோம் அல்லவா? வால்வின் பெயரையும் அவ்விதமே பிரிக்கலாம். 'ஈ.எல். 84' என்பதில் 'ஈ' என்றால் இழையைச் சூடாக்க 6.3 வோல்ட் வேண்டும் என்று பொருள். 'எல்' என்றால் ஒலிபெருக்கியை முழங்கச் செய்யும் வால்வு. 'ஈ.இஸட். 80' என்பதிலுள்ள 'இஸட்', மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் வால்வைக் குறிக்கும். ஒரே வகை வால்வுகளைப் பல கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் இணைத்தன. ஆகவே, பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட கையேடு ஒன்றில் இதே வால்வுகள் கொண்ட வேறொரு பெட்டியின் படத்தைப் பார்த்து, பூச்சி தின்ற பாகத்தைப் பூர்த்தி செய்தேன்.

ரேடியோ பேசிற்று, ஆனால் தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் கரகரத்தது. ஈ.எல். 84 அளவுக்கு மீறிச் சுட்டது. படம் இல்லாதவர் உடனே வால்வை மாற்றியிருப்பார். புது வால்வும் அதே கதியை அடைந்திருக்கும். அந்த வால்வின் கிரிட்டில் நேர் மின்னழுத்தம் சிறிதும் இருக்கக் கூடாது என்று படம் சொல்லிற்று. என் மீட்டரோ 9 வோல்ட் காட்டிற்று. அதற்கும் முந்திய வால்வுக்கும் நடுவே ஒரு கண்டென்ஸர் வாயில்காப்போனாக நிற்கிறது. ஒலியை உள்ளே விட்டு, நேர் மின்சாரத்தைத் தடுப்பது அதன் உத்தியோகம். அறுபது வருஷத்துக்கு மேல் காவல் காத்து, மெழுகுக் காகிதம் ஈரம் பட்டு, காவற்காரன் அயர்ந்துவிட்டான்!

சென்னை ரிச்சித் தெருவில் 0.022 மைக்ரோபாரட், 630 வோல்ட் கண்டென்ஸர் சில ரூபாய்க்குக் கிடைத்தது. ஈயப்பற்று வைத்து முடித்ததும் நாதஸ்வரம் தெளிவாகக் கேட்டது. எழுபத்தைந்து வயதான என் தகப்பனார் ஒன்றும் பேசாமல் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஓர் எச்சரிக்கை: இத்தகைய பெட்டியில் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் பெரிய கண்டென்ஸர்களில் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை வடித்துவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பின்னரே தொடவேண்டும்.

நிற்க. இன்று நாம் வாங்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றுடன் எந்தப் படமும் வருவதில்லை. 'திறக்காதே' என்ற கட்டளைதான் வருகிறது. 1942-ல் தலைவர்கள் சிறையிலிருந்தபோது, பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் 42.34 மீட்டரில் ரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். கருவியின் அந்தரங்கம் அறிந்த கைகள் இருந்தபடியால்தானே அது சாத்தியமாயிற்று? 'பழுது பார்க்கும் உரிமை'யைப் பற்றி ஆராய 2022-ல் இந்திய ஸர்க்கார் ஒரு கமிட்டி அமைத்தது. நல்ல காரியந்தான். ஆனால் கேட்பவர்கள் இருந்தால்தான் உரிமை நிலைக்கும். அடுத்த முறை கடையில் ஏதேனும் வாங்கும்போது, விலையை விசாரித்த கையோடு, "இதன் படம் எங்கே?" என்றும் கேளுங்கள். பொருளை விலை கொடுத்து வாங்கியவருக்கு அதன் ஜாதகமும் சொந்தமல்லவா?