தெரியாத எண்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்த மகாராஜபுரத்தில் உள்ளது எங்கள் இல்லம். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அங்கே ஒரு சிறு விவாதம் எழுந்தது. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளுக்கான ஆண்டு பாஸ் அம்மாதம் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்திருந்தது. சொந்தக் கார் வைத்திருப்போர் அப்போது 3000 ரூபாய் செலுத்தினால், ஓராண்டுக் காலம் அல்லது 200 முறை, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை, அச்சாவடிகளைக் கடக்கலாம் என்றிருந்தது.

மதுரையில் தம்பி வீட்டிலிருக்கும் எங்கள் தாயாரைக் காணச் செல்கையில் கப்பலூர்ச் சாவடியைக் கடக்கிறோம். "வாங்கிவிடலாமா?" என்று கேட்டாள் என் துணைவி. பத்தாம் வகுப்பில் பயிலும் மகன் தாளும் பேனாவும் எடுத்து அமர்ந்தான்.

கணக்கு எளிதாகும்பொருட்டு, ஒருமுறை கடக்க 100 ரூபாய் என்று கொண்டோம். போய்வர 200 ரூபாய். ஆகவே 15 பயணங்களில் பாஸின் விலை ஈடாகும் என்றேன் நான். "இல்லை அப்பா! 24 மணி நேரத்திற்குள் திரும்பினால் ஒன்றரை மடங்கு கட்டணந்தானே?" என்று அவன் திருத்தினான். அப்படியானால் போய்வர 150 ரூபாய். பயணங்களின் எண்ணிக்கையைக் 'க' என்று கொண்டால், 150 க = 3000; அதாவது க = 20. ஆண்டிற்கு 20 பயணங்களுக்கு மேற்பட்டால் ஆதாயம், குறைந்தால் நட்டம். 16 முறை செல்பவர், என் கணக்கை நம்பினால் 200 ரூபாய் மிச்சமென மகிழ்வார். உண்மையில் 600 ரூபாய் இழப்பார்.

"மாதம் இருமுறை என்றால் 24 ஆயிற்றே, வாங்கிவிடுவோம்" என்றேன். மகன் நிமிர்ந்து பார்த்தான். "சென்ற ஆண்டு பாட்டியைப் பார்க்க எத்தனை முறை போனோம்?"

வங்கிக் கணக்கைப் புரட்டினோம். ஒன்பது முறை! 1350 ரூபாய்க்கு மேல் செலவாகாத இடத்தில் 3000 ரூபாய் எதற்கு? சமன்பாடு தன் கடமையைச் செய்துவிட்டது. நான்தான் தலைகுனிந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில், "அடுத்த வாரம் வருவாயா, ஐயா?" என்று கேட்கும் தாயாரின் குரல் நெஞ்சில் ஒலித்தது.

அன்பர்களே, எந்தச் சந்தா, எந்த உறுப்பினர் கட்டணமானாலும், 'க' என்பது நாம் விரும்பும் எண்ணன்று. நாம் வாழும் எண். பாஸ் வாங்கவில்லை. நாட்காட்டியில் மாதம் இரு சனிக்கிழமைகளை மட்டும் வட்டமிட்டோம். "முதலில் போய்வருவோம், ஆதாயத்தைப் பிறகு பார்ப்போம்" என்றாள் துணைவி.