லோடுமேன் படிக்கும் லேபிள்

ஆண்டிபட்டிக் கணவாயின் பாறை வெட்டுக்குள் நுழைந்த ரயில் மறுபக்கம் வெளிவந்ததும் ஊரே வேறாகிவிடுகிறது. அதுவரை உசிலம்பட்டிப் பக்கத்துக் கரட்டு நிலம். அப்புறம் வலக்கைப் பக்கம் பழநி மலை, இடக்கைப் பக்கம் வருசநாட்டு மலை, எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை என்று மூன்று பக்கமும் நீலமாக எழும்பி நிற்கின்றன. நடுவில் காற்றாலைகள் அவசரமில்லாமல் சுற்றுகின்றன. அகலப்பாதை வேலைக்காகப் பல ஆண்டுகள் ரயிலே ஓடாமல் கிடந்த தடம் இது. 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரைக்கும் மறுபடி வண்டி வந்தது. சென்னையிலேயே பிறந்து வளர்ந்த என் மாணவர்கள் ஜன்னலை விட்டு நகரவில்லை. பாடம் நடத்த வந்த நானும்தான். மதுரைக்கு மேற்கே எனக்கு அதுவரை ஒரு வேலையும் இருந்ததில்லை.

இறுதியாண்டு கிராஃபிக் டிசைன் மாணவர்கள். ஒரு வட்டாரப் பொருளை எடுத்துக்கொண்டு பெயர், சின்னம், லேபிள், பெட்டி என முழு அடையாளத்தையும் உருவாக்க வேண்டும் என்பது அவர்களுடைய செமஸ்டர் வேலை. வழக்கமாக இது ஏசி அறையில் தொடங்கி ஏசி அறையிலேயே முடிந்துவிடும். காபித்தூள், மூலிகை சோப்பு, கடலை மிட்டாய். மண்நிறக் காகிதம், சணல் கயிறு, ஓரத்தில் கோலம். வருடா வருடம் ஒரே பெட்டிக்குத்தான் மதிப்பெண் போடுகிறேனோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இந்தத் தடவை பொருள் விளைகிற இடத்திலிருந்தே தொடங்குவோம் என்று முடிவானது. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. போடியில் ஏலக்காய் இருக்கிறது. இதற்கு மேல் காரணம் தேடவில்லை.

தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று பஸ் தெற்கே இறங்க இறங்க நெல்லும் தென்னையும் வாழையும் மாறி மாறி வருகின்றன. கம்பத்தை நெருங்கும்போது சாலையோரம் கல்தூண் நட்டுக் கம்பி கட்டிய திராட்சைப் பந்தல்கள். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் குனிந்து நுழைந்தோம். பந்தலுக்கு வெளியே கண்ணைக் கூசும் வெயில்; உள்ளே பச்சை இருட்டு. தலைக்கு மேலே கறுத்த குலைகள்.

என்னை அசர வைத்தது அந்தக் குலைகள்கூட இல்லை. வரப்பைத் தாண்டினால் அடுத்த தோட்டம் இலையே இல்லாமல் மொட்டையாக நின்றது. போன வாரம்தான் கவாத்து செய்தார்களாம். அதற்கடுத்ததில் பச்சை மிளகு அளவுக்குப் பிஞ்சு. ஒரே வெயில், ஒரே தண்ணீர், ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் வேறு வேறு பருவம். மகாராஷ்டிரத்து நாசிக்கில் திராட்சை அறுவடை என்பது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான். இங்கே விவசாயிகள் கவாத்தை முன்பின்னாக வைத்துக்கொள்வதால் பள்ளத்தாக்கில் எந்த மாதம் போனாலும் எங்கேயாவது ஒரு பந்தலில் பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். "சீசன் ஸ்பெஷல்" என்று லேபிளில் எழுதி வந்திருந்த மாணவன் அங்கேயே லேப்டாப்பை எடுத்து அந்த வரியை அழித்தான்.

பன்னீர் என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். விதையுள்ளது, மெல்லிய தோல், வாயில் வைப்பதற்கு முன்பே மணம் வந்துவிடும். பழத்தின் மேல் மாவு பூசினது போல வெளிறிய பூச்சு ஒன்று இருக்கிறது. பழமே சுரக்கும் மெழுகு அது. உள்ளே இருக்கும் ஈரம் வற்றாமல் காக்கிறது. குலை வெட்டும் அக்கா இடக்கையால் காம்பை மட்டும் பிடித்து, வலக்கைக் கத்தரியால் நறுக்கி, பழத்தில் விரலே படாமல் கிரேட்டில் சாய்த்து வைத்தார். என் மாணவி ஒருத்தி ஆசையாக ஒரு குலையை உள்ளங்கையில் ஏந்தியதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அத ஏம்மா தடவுற? கை பட்ட எடம் கறுப்பா பளபளன்னு தெரியும் பாரு. வாங்க வர்றவன் பழைய காய்னு சொல்லிருவான்."

பார்த்தோம். விரல் பட்ட இடமெல்லாம் மெழுகு போய், நாலு விரல் ரேகை பழத்தில் அச்சாக நின்றது. அந்த மெழுகுப் பூச்சுதான் இந்தப் பழத்தின் சீல்: உடைந்தால் தெரிந்துவிடும். அதற்கு மேல் நாம் ஒரு சீல் ஒட்டப் போகிறோம் என்று மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜப்பானின் இஷிகாவா மாகாணத்தில் 2008 முதல் விற்பனைக்கு வரும் ரூபி ரோமன் திராட்சையைத்தான் அவர்கள் முன்மாதிரியாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பழமும் 20 கிராமுக்குக் குறையக்கூடாது, சர்க்கரை 18 சதவீதமாவது இருக்க வேண்டும், அப்போதுதான் அந்தப் பெயர் கிடைக்கும். பரிசுப் பொருளாகப் பெட்டியில் போகிறது. அழகுதான். ஆனால் பன்னீர் திராட்சை பரிசாக வாழ்வதில்லை. தோல் மெல்லியது, அதிக நாள் தாங்காது, சாயங்காலம் வெட்டினால் ராத்திரியே மலையேறிக் கேரளத்துக்குப் போய்விட வேண்டும். அதனால் இங்கே பெட்டி என்றால் முதல் கேள்வி காற்று போகுமா, அடுக்கினால் அடிப்பழம் நசுங்குமா, அவ்வளவுதான்.

சாயங்காலம் லோடு ஏற்றுவதைப் பார்க்கக் காத்திருந்தோம். கிரேட்டுகளின் பக்கவாட்டில் பெயிண்டால் எழுதிய எழுத்துகள்: ஒன்றில் இரண்டு இனிஷியல், ஒன்றில் ஒரு வட்டத்துக்குள் நட்சத்திரம், ஒன்றில் வெறும் சிவப்புக் கோடு. மார்க் என்கிறார்கள். எந்தத் தோட்டத்துச் சரக்கு, எந்தக் கமிஷன் கடைக்கு, எல்லாம் அதில் அடக்கம். இருட்டிவிட்டதால் லோடுமேன் ஒருவர் செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் கிரேட்டைத் தூக்கி, ஓரக்கண்ணால் மார்க்கைப் பார்த்து லாரியில் இடம் மாற்றி மாற்றி வைத்தார். ஒரு கிரேட்டுக்கு ஒரு பார்வைதான். எங்கள் வகுப்பில் லேபிளைப் படிக்கப் போகிறவர் என்று நாங்கள் கற்பனை செய்துவைத்திருந்தது சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியோடு நிதானமாக நடக்கும் ஒரு பெண்மணியை. இந்த மனிதரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த நட்சத்திரமும் சிவப்புக் கோடும் எங்கள் மாணவர்களின் சின்னங்களைவிட நல்ல சின்னங்கள் என்பது என் கட்சி. இருட்டில், அசைவில், களைத்த கண்ணுக்கு அவை தெரிகின்றன.

போடி இன்னொரு உலகம். பஸ் ஸ்டாண்டிலேயே மணம் தொடங்கிவிடுகிறது. மேலே இடுக்கி மலையில் விளையும் ஏலக்காய் இங்கே இறங்குகிறது; நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின் ஏல மையம் இங்கே ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புற்றடியில் ஒன்று. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை ஏற்றுகிறார்கள். கையோ கண்ணோ விடுவதாக இல்லை: மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, ஒன்றைப் பிளந்து விதையின் கறுப்பைப் பார்த்து, பிறகுதான் பட்டனை அழுத்துகிறார்கள்.

இந்தக் காய்க்கு உலகச் சந்தையில் இருக்கும் பெயர் எங்களுக்குப் பெரிய பாடம். ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட். காய் 7 மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஒரு லிட்டர் படியில் 435 கிராமாவது எடை நின்றால் அந்தத் தரம். ஆலப்பி என்றால் ஆலப்புழை. அங்கே ஏலக்காய்த் தோட்டம் கிடையாது, கடலோர ஊர். திருவிதாங்கூர் காலத்தில் ஏலக்காய் அந்தத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது, ஏற்றிய ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. விளைந்த மலையும் தரம் பிரிக்கும் போடியும் பெயரில் எங்குமே இல்லை. பிராண்டிங் வகுப்பில் இதைவிட நல்ல உதாரணம் நான் சொன்னதில்லை.

ஒரு மாணவி ஏலக்காய்க்கு நேர்த்தியான பெட்டி ஒன்று வரைந்திருந்தாள். முகப்பில் இலை வடிவத்தில் ஒரு ஜன்னல், அதன் வழியே பச்சைக்காய் தெரியும். குடோனில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரசித்தே பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்தார். வெளியே சணல், உள்ளே கறுப்பு பாலிதீன் உறை, அதற்குள் காய், அப்போதுதான் பறித்தது போலப் பச்சையாக.

"வெளிச்சம் பட்டா இந்தப் பச்சை நிக்காது பாப்பா. வெளுத்துப் போச்சுன்னா விலையும் வெளுத்துரும். உன் ஜன்னல் வழியா அந்தக் காய் எத்தனை நாள் பச்சையா இருக்கும்?"

அவளுக்கு முகம் சுருங்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. அந்தக் கறுப்பு உறையையே வெளியே கொண்டுவந்தால் என்ன என்று கேட்டாள். மறுநாள் அவள் காட்டிய பெட்டி முழுக் கறுப்பு. இலை இல்லை, மலை இல்லை. நடுவில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி, நிஜக் காயின் குறுக்களவில், 7 மில்லிமீட்டர்.

1958-ல் இந்தியா வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் வடக்கே லோட்டா என்று சொல்லும் செம்பைப் பாராட்டுவார்கள். தனி ஒருவர் வடிவமைத்ததில்லை, தலைமுறைகளின் கைகள் செய்தது என்று. அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. கறுப்பு உறை போட்ட சணல் சாக்கும் அந்தச் செம்பின் ஜாதிதான். ஆனால் அழகில்லை என்பதால் அதைப் பற்றி யாரும் அறிக்கை எழுத மாட்டார்கள்.

சின்னம் பற்றிப் பேசும்போது இங்கே ஒருவரை விட்டுவிட முடியாது. டீக்கடை, சலூன், உரக்கடை, ஆட்டோவின் பின்பக்கம் என எங்கே திரும்பினாலும் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர். முல்லைப் பெரியாறு அணையை 1895-ல் முடித்து, மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே திருப்பிய ஜான் பென்னிகுயிக். லோயர் கேம்பில் 2013-ல் திறந்த மணிமண்டபம் அரசுடையது. கடைச் சுவர்ப் படங்கள் ஜனங்களுடையவை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்த நம்பிக்கைச் சின்னத்துக்கு விளம்பரக் கம்பெனி தேவைப்படவில்லை. மாணவன் ஒருவன் அவர் முகத்தைத் திராட்சைப் பெட்டியில் போடலாமா என்று கேட்டான். டீக்கடைக்காரர் சொன்னார்: "போடு தம்பி. ஆனா பழம் அழுகியிருந்தா ஒன்னய ஊருக்குள்ள விடமாட்டோம்." அவன் போடவில்லை.

கடைசியாகத் திராட்சைத் தோட்டத்துக்காரரிடம் வடிவமைப்புகளைப் பரப்பி வைத்தோம். பல பெட்டிகளில் புவிசார் குறியீட்டு முத்திரை பளிச்சென்று இருந்தது. அதை யார் வேண்டுமானாலும் போட முடியாது. விவசாயி தன் பெயரைச் சென்னை கிண்டியில் இருக்கும் பதிவகத்தில் அங்கீகாரம் பெற்ற பயனராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த வேலை டிசைனில் சேருமா என்று ஒருவன் கேட்டான். சேரும் என்று அவனுக்கே விண்ணப்பம் நிரப்பித் தரும் வேலையைக் கொடுத்தேன்.

தோட்டத்துக்காரர் அட்டைப் பெட்டி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குலையை நுணுக்கமாகக் கோட்டோவியமாக வரைந்திருந்தது. "படம் நல்லாருக்கு. போன் நம்பர் எங்க?" அடியில், கடுகு சைசில் இருந்தது. அதைப் படத்தின் இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்தில் மலையாளத்திலும் பெயர் வேண்டும் என்றார், வாங்குகிறவர் அங்கேதானே இருக்கிறார். சிவகாசியில் கலராக அச்சடிக்கலாம் என்றால் குறைந்தபட்சம் இத்தனை ஆயிரம் பெட்டி என்று கணக்கு வரும். அவருக்கு ஒரு வெட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. அந்தப் பெட்டியை வரைந்த மாணவி யோசித்தாள். மொட்டை அட்டைப் பெட்டியை மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், அடையாளத்தை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து தருகிறேன், வெட்டுகிற அன்றைக்கு வேண்டிய பெட்டியில் மட்டும் குத்திக்கொள்ளலாம், தேதியையும் மாற்றி மாற்றி வைக்கலாம் என்றாள். அவர் கேட்ட அடுத்த கேள்வி, ஸ்டாம்ப் மை பனியில் கரையுமா என்பது. அவளுக்குத் தெரியவில்லை. இருவரும் பைக்கில் ஏறிக் கம்பம் பஜாருக்குக் கிளம்பினார்கள்.