அடுக்களைச் சன்னல்



சென்னையில் நாங்கள் குடியேறிய வாடகை வீட்டின் அடுக்களைச் சன்னல், அடுத்த வீட்டு மாடிப்படியை நேரே நோக்கி இருந்தது. வீட்டுப் பெண்கள் பிறர் பார்வையில் படலாகாதென்று கருதி, வந்த அன்றே அதை அடைத்துவிட்டேன். மூன்று ஆண்டுகள் சென்றன. ஓர் ஐப்பசி மழையில் அலமாரியைத் திறந்தால், என் தந்தையார் விட்டுச் சென்ற கிதாபுகளின்மீது வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. அதே வாரத்தில் என் துணைவியாருக்கு இளைப்பும் முற்றியது. "அடுக்களையில் காற்றோட்டம் உண்டா?" என்று மருத்துவர் கேட்டார். நான் தலைகுனிந்தேன்.

ஈரம் மழையால் மட்டும் வருவதன்று. உலைநீரின் ஆவி, குளியலறை, வீட்டுக்குள் உலர்த்தும் துணி, நாம் விடும் மூச்சு ஆகிய யாவும் நீரே. வெளியேற வழியின்றேல் அது சுவரில் படிந்து பூஞ்சை வளர வழிசெய்யும்.

எனில், எப்போது திறப்பது? "விடியலில் ஈரப்பதம் மிகுதி, திறக்கலாகாது" என்பர் சிலர். விழுக்காட்டை மட்டும் பார்ப்பதால் வரும் மயக்கம் இது. குளிர்ந்த காற்று குறைந்த நீரையே தாங்கும். 26 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள விடியற்காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 21 கிராம் நீர் இருக்கும். 34 டிகிரியும் 60 விழுக்காடும் உள்ள பிற்பகற் காற்றிலோ 22 கிராமுக்கு மேல் இருக்கும்! ஆகவே சுபுஹுத் தொழுகை முடிந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். கோடையில் வெயில் ஏறியதும் அடைத்து, கடற்காற்று வீசத் தொடங்கியபின் மீண்டும் திறங்கள். மழை நாளில் சாரல் அடிக்காத பக்கத்தைத் திறந்தால் போதும். கொசுவுக்கு வலை அடியுங்கள். சமைக்கும்போதும் குளித்த பின்னரும் மட்டும் காலம் பார்க்க வேண்டா. உள்ளிருக்கும் ஆவி உடனே வெளியேற வேண்டும்.

இப்போது எங்கள் அடுக்களைச் சன்னலின் கீழ்ப்பாதியில் தடித்த திரை தொங்குகிறது, மேற்பாதி திறந்திருக்கிறது. மறைப்பும் குறையவில்லை, காற்றும் தடைபடவில்லை. துணைவியாரின் இளைப்பு வெகுவாகத் தணிந்துள்ளது, அல்ஹம்துலில்லாஹ். கிதாபுகளில் சிலவற்றை மீட்க முடியவில்லை.

அந்த மூன்று ஆண்டுகளில், உலை கொதிக்கும் வேளையில் நான் ஒருநாளும் அங்கே நின்று பார்த்ததில்லை. சகோதரர்களே, இன்று சமையல் நடக்கும்போது உங்கள் அடுக்களையில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். எந்தச் சன்னலைத் திறக்க வேண்டும் என்பது தானே விளங்கும்.