அணிக்கு வந்த மாற்றல் உத்தரவு

கிரிக்கெட் சமாசாரம்தானே, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! ஏப்ரல், மே வந்தால் ராத்திரி டி.வி. யார் வசம் என்பது நம் எல்லார் வீட்டுத் தகராறும்தான்.

எங்கள் வீட்டில் அது மாமனார் வசம். 2012-ல் பக்கவாதம் வந்து வலது கையும் பாதிப் பேச்சும் போன பிறகு, அவருக்கு மிச்சமிருந்த சந்தோஷம் சென்னை சூப்பர் கிங்ஸ் ஒன்றுதான். ஆட்டம் தொடங்குவதற்குள் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டிவிடுவேன். தோனி மட்டையோடு இறங்கினால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். “பிரஷர் ஏறப் போகுது அண்ணி” என்பாள் நாத்தனார். என்னைக் கேட்டால், அந்தத் தட்டல் கேட்கிற ராத்திரியில்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

2015 ஜூலையில் விழுந்தது இடி. 2013-ல் அணியோடு சம்பந்தப்பட்ட ஒருவர் சூதாட்ட விவகாரத்தில் சிக்கியதற்காக, சுப்ரீம் கோர்ட் நியமித்த லோதா கமிட்டி, அணியின் முதலாளிக் கம்பெனியை இரண்டு வருஷம் விலக்கி வைத்தது. தப்புக்குத் தண்டனை வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பாகப்பிரிவினை மாதிரி ஆட்டக்காரர்களைப் பிரித்தார்களே! தோனியும் அஸ்வினும் புனேக்கு. ரெய்னாவும் ஜடேஜாவும் ராஜ்கோட்டுக்கு. அந்த இரண்டு அணிகளுமே இரண்டு வருஷத்துக்கென்று உண்டாக்கியவை. 2017 இறுதி ஆட்டத்தில் மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்ற கையோடு புனே அணியும் போயிற்று. அந்த ஊரிலும் ஏதாவது ஒரு குழந்தை ஆசையாய் அந்தச் சட்டையை வாங்கி மாட்டியிருக்கும்தானே?

தோனியை வேறு நிறச் சட்டையில் பார்த்ததும் மாமனார் டி.வி.யைக் காட்டி, “யாரு?” என்றார்.

“தோனிதான் மாமா. ஊர் மாறிட்டார்.”

“ட்ரான்ஸ்ஃபரா?”

முப்பது வருஷம் ரயில்வேயில் உழைத்தவர். மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டும் என்பது அவருக்குப் புரியும். “எப்ப வருவான்?” என்றார். “ரெண்டு வருஷம் மாமா” என்றேன். தலையாட்டினார். அப்புறம் கட்டிலைத் தட்டவேயில்லை. 2017 கார்த்திகையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

2018-ல் அணி திரும்பி வந்தது, கோப்பையும் வாங்கியது. அந்த வருஷம் காவிரிப் போராட்டத்தால் சென்னையில் ஒரே ஒரு ஆட்டம்தான். மீதி உள்ளூர் ஆட்டங்களைப் புனேக்கு மாற்றிவிட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு தனி ரயில் நிறைய மஞ்சள் சட்டைக்காரர்கள் புறப்பட்டுப் போனதை டி.வி.யில் காட்டினார்கள். மாமனார் இருந்திருந்தால் அணியை விட்டுவிட்டு, எஞ்சின் எந்த ஷெட் என்று பார்த்திருப்பார்!

நமக்கு ஏலம் என்றால் ஏலச்சீட்டு. இல்லாவிட்டால் பாங்கில் மீட்காமல் விட்ட நகை. 2022 ஏலத்தில் ரெய்னாவுக்கு ஆரம்ப விலை 2 கோடி. 2008-லேயே சென்னைக்கு வந்து, ஆயிரக்கணக்கில் ரன் குவித்தவர். யாரும் கேட்கவில்லை, சென்னையும் கேட்கவில்லை. வயசு, ஆட்டம், கையிருப்பு என்று அவர்களுக்குக் கணக்கு இருக்கும். கம்பெனி நடத்துகிறவர்கள் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். பத்து வயசுப் பையனுக்கு அந்தக் கணக்கை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

அவன் சட்டை முதுகில் ரெய்னா பெயர். “பிரிச்சு எடுத்துட்டு வேற பேர் தைச்சுத் தரட்டுமாடா?” என்றேன்.

“வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்” என்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டான்.